புறப்பட்டதும் இடப்பக்கம் சுழல்கிறது: பெரிய மோட்டார் போட்டால் சரியாகுமா?

கேட்பவர்: கே.ஆர்.புரம்_கார்த்தி

வணக்கம். நான் இருப்பது பெங்களூரில், கே.ஆர்.புரம் தொங்குபாலத்துக்குப் பக்கத்தில். நான்கு மாதமாக ஒரு எலக்ட்ரிக் ஆர்சி டிராக் கார் (ரிமோட்டில் ஓட்டும், 132 அடி நேர்கோட்டுப் பந்தய வண்டி) கட்டிக்கொண்டிருக்கிறேன். கட்டி முடித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

வண்டியின் ஜாதகம் இது. டிராக்ஸஸ் கம்பெனியின் பழைய ஸ்லாஷ் 2டபிள்யூடி (பின்சக்கரம் மட்டும் தள்ளும்) சேசி, ஒருவரிடம் செகண்ட் ஹேண்டில் 11,000 ரூபாய்க்கு வாங்கியது. மோட்டார் 3500 கேவி (ஒரு வோல்ட்டுக்கு நிமிஷத்தில் 3500 சுற்று) பிரஷ்லெஸ், சென்சார் உள்ளது. பேட்டரி 2எஸ் (இரண்டு செல்) லைப்போ, 5000 எம்ஏஎச், இடப்பக்கமாக வைத்திருக்கிறேன். ஸ்பர் (பெரிய பல்சக்கரம்) 86 பல், பினியன் (மோட்டார் ஷாஃப்ட்டில் இருக்கும் சின்னப் பல்சக்கரம்) 29 பல். பின்னால் அகலமான ஸ்லிக் (வரிப்பள்ளம் இல்லாத டயர்), விட்டம் கிட்டத்தட்ட 10 செ.மீ. முன்னால் ஒல்லி டயர். ரிமோட் ஃப்ளைஸ்கை ஜிடி5, அதனுடன் வந்த ரிசீவரிலேயே கைரோ (வண்டி திரும்புவதை உணர்ந்து ஸ்டியரிங்கைத் தானே திருத்தும் சென்சார்) இருக்கிறது. முதலில் ரிசீவரை சேசி மேல் ஒட்டியிருந்தேன். பாடி உரசியதால் போன மாதம் கழற்றி, மேல்தட்டுக்கு அடியில் டபுள் டேப் போட்டுத் தொங்கவிட்டுவிட்டேன். ஒயரெல்லாம் மறைந்து பார்க்கவும் நீட்டாக இருக்கிறது. மொத்த எடை 2.1 கிலோ.

பிரச்சினை என்னவென்றால், த்ராட்டிலை முழுசாக அழுத்தினால் ஐந்தாறு மீட்டருக்குள் வண்டி இடப்பக்கம் திரும்பிச் சுழன்றுவிடுகிறது. பாதி த்ராட்டிலில் ஏதோ போகிறது. 132 அடியை முழு த்ராட்டிலில் ஒரு தடவைகூட முடித்ததில்லை. அக்கா பையன் பத்தாவது படிக்கிறான். அவனுடைய வண்டியில் என்னுடையதைவிடச் சின்ன மோட்டார். நூல் பிடித்த மாதிரி நேராகப் போகிறது. போன ஞாயிறு எங்கள் லேஅவுட்டில் ஓட்டியபோது "மாமா, உங்க வண்டிக்கு வீட்டு ஞாபகம் வந்துடுச்சு" என்றான். செக்யூரிட்டி அண்ணனும் சேர்ந்து சிரித்தார்.

கையில் 14,000 ரூபாய் ஒதுக்கி வைத்திருக்கிறேன். இதற்குப் பெரிய மோட்டாரும் ஈஎஸ்சியும் (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் பெட்டி) வாங்கினால் வேகமாகக் கிளம்பி, சுழல்வதற்குள் கோட்டைத் தாண்டிவிடுமா? சிரிக்காதீர்கள், உண்மையாகவே கேட்கிறேன்.

இன்னொன்று, சம்பந்தம் இருக்கிறதா தெரியவில்லை: பேட்டரியை ஞாயிறு ராத்திரியே ஃபுல் சார்ஜ் போட்டு வைத்துவிடுவேன், அடுத்த ஞாயிறு எடுத்து ஓட்டுவேன். இப்போது லேசாக உப்பின மாதிரி தெரிகிறது.


பதில் 1: ஈஜிபுரா_மணி

ப்ரோ, யோசிக்கவே வேண்டாம், பெரிய மோட்டார் போடுங்க. முடிந்தால் 3எஸ். இடப்பக்கம் இழுப்பது மோட்டார் டார்க்கால்தான், அதாவது முறுக்கு விசையால். பெரிய டிராக் கார்களிலேயே புறப்படும்போது முன்பக்கம் ஒரு ஓரமாகத் தூக்கும், வீடியோவில் பார்த்திருப்பீர்கள். ஸ்டியரிங் ட்ரிம்மை (சக்கரத்தின் நேர்நிலையைத் திருத்தும் அமைப்பு) வலப்பக்கம் நாலு புள்ளி வைத்துவிடுங்க, சரியாகிவிடும்.


பதில் 2: பீன்யா_லேத்து

கார்த்தி தம்பி, பணத்தை எடுத்த இடத்திலேயே வையுங்க.

மணி சொன்ன டார்க் கதை பெரிய வண்டிக்கு உண்மைதான். அங்கே எஞ்சின் நீளவாக்கில் உட்கார்ந்திருக்கும், ஷாஃப்ட்டும் நீளவாக்கில் சுற்றும், அதனால் பாடி பக்கவாட்டில் முறுக்கும். ஸ்லாஷில் மோட்டார் குறுக்கே இருக்கிறது. அது முறுக்கினால் மூக்கு மேலே கீழே போகுமே தவிர இடது வலது போகாது. ட்ரிம்மைத் திருப்பினால் பாதி த்ராட்டிலில் வலப்பக்கம் ஓடும், முழு த்ராட்டிலில் பழையபடி இடப்பக்கம் சுழலும். அப்புறம் எது கோளாறு என்றே கண்டுபிடிக்க முடியாது.

உங்கள் கோளாறு நீங்கள் எழுதியதிலேயே இருக்கிறது. ரிசீவரைக் கழற்றி மேல்தட்டுக்கு அடியில் தொங்கவிட்டேன் என்றீர்களே, அங்கேதான். அது இப்போது தலைகீழாக இருக்கிறது. கைரோ அதற்குள்ளேயே இருக்கிறது. தலைகீழானால் இடது அதற்கு வலது. வண்டி இம்மி இடப்பக்கம் போனாலும் வலப்பக்கம் திருத்துவதற்குப் பதிலாக இன்னும் இடப்பக்கம் ஒடிக்கும். வேகம் ஏற ஏற அது வெறி பிடித்த மாதிரி ஆகும். பாதி த்ராட்டிலில் தப்பிப்பதும் முழு த்ராட்டிலில் சுழல்வதும் அதனால்தான்.

சோதித்துப் பார்க்க ஒரு நிமிஷம் போதும். ரிமோட், வண்டி இரண்டையும் ஆன் செய்து, வண்டியைக் கையில் தூக்கிப் பிடியுங்கள். த்ராட்டிலைத் தொட வேண்டாம். மூக்கை வெடுக்கென்று இடப்பக்கம் திருப்புங்கள். முன்சக்கரம் வலப்பக்கம் திரும்பினால் கைரோ சரி. அதுவும் இடப்பக்கமே திரும்பினால் நான் சொன்னதுதான். ரிமோட்டில் கைரோவை மட்டும் ரிவர்ஸ் செய்யுங்கள். ஸ்டியரிங் ரிவர்ஸ் வேறு, கைரோ ரிவர்ஸ் வேறு. பயந்து இரண்டையும் மாற்றிவிடாதீர்கள்.

சரி, எப்போதும் இடப்பக்கமே ஏன், ஒரு தடவையாவது வலப்பக்கம் சுழலலாமே என்று கேட்பீர்கள். பேட்டரி இடப்பக்கம் என்கிறீர்கள். வீட்டில் இரண்டு சமையலறைத் தராசு கிடைத்தால் பின்சக்கரம் ஒவ்வொன்றையும் ஒரு தராசில் வைத்துப் பாருங்கள், இடது கனமாக இருக்கும். உங்கள் டிஃப் (மோட்டார் விசையைப் பின்சக்கரம் இரண்டுக்கும் பிரிக்கும் டிஃபரன்ஷியல்) ஓப்பன் டிஃப், பூட்டாதது. அது இரண்டு சக்கரத்துக்கும் ஒரே அளவு விசைதான் கொடுக்கும். தள்ளுவண்டியில் இடப்பக்கம் மட்டும் மூட்டையை ஏற்றி, இரண்டு கையாலும் ஒரே பலத்தில் தள்ளிப் பாருங்கள். மூட்டை இருக்கும் பக்கமாகத்தான் திரும்பும். அந்த இம்மித் திருப்பத்தை வண்டி ஆரம்பித்து வைக்கிறது, தலைகீழ் கைரோ முடித்து வைக்கிறது.

கைரோவைச் சரிசெய்துவிட்டு எனக்கு ஒரு அளவு எடுத்து அனுப்புங்கள். தரையில் சாக்பீஸில் ஒரு கோடு, அதிலிருந்து 6 அடியில் இன்னொரு கோடு. போனை ஸ்லோமோஷனில், நொடிக்கு 240 ஃப்ரேமில் வைத்துப் பக்கவாட்டில் படம் பிடியுங்கள். வண்டி அசைந்த ஃப்ரேமிலிருந்து மூக்கு இரண்டாவது கோட்டைத் தொடும் ஃப்ரேம் வரை எண்ணுங்கள். பெரிய டிராக் ரேஸில் கால் மைல், அதாவது 1320 அடி ஓட்டத்தில், முதல் 60 அடி எடுத்த நேரத்தைத்தான் ஆட்கள் முதலில் பார்ப்பார்கள். நம்முடையது பத்தில் ஒன்று, 132 அடி. அதனால் 6 அடி.

சின்ன வயதில் அப்பா என்னைச் சோழவரத்துக்கு ரேஸ் பார்க்கக் கூட்டிப் போயிருக்கிறார். யுத்த காலத்து விமான ஓடுதளம், வெயில் மண்டையைப் பிளக்கும். கொடி இறங்கியதும் அதிகமாகப் புகை விட்ட வண்டியைத்தான் நான் கைதட்டிப் பார்ப்பேன். அப்பா தலையில் ஒரு தட்டுத் தட்டி, "புகை விடுறவன் அங்கேயே நிக்கிறான், சத்தமில்லாம போறவனைப் பாரு" என்பார். லேத்தில் உட்கார்ந்த பிறகுதான் அது புரிந்தது.


பதில் 3: சாமராஜ்பேட்டை_சுதா

லேத்து சார் கைரோவைப் பார்த்துக்கொள்வார். நான் பேட்டரிக்கு வருகிறேன். எனக்குப் பகல் முழுக்க ஒயர் ஹார்னஸும் சால்டரிங்கும்தான் வேலை.

கார்த்தி, உப்பின பேட்டரியை இனிமேல் சார்ஜ் போடாதீர்கள். "லேசாக" என்று ஒன்று கிடையாது. லைப்போவை ஃபுல்லாக, அதாவது செல்லுக்கு 4.2 வோல்ட்டில், ஒரு வாரம் வைத்தால் உள்ளே கெட்டு வாயு சேரும். ஓட்டி முடித்ததும் சார்ஜரில் ஸ்டோரேஜ் மோட் போட்டு 3.8 வோல்ட்டுக்குக் கொண்டுவந்து வையுங்கள். ஓட்டப்போகும் அன்று காலையில் ஃபுல் சார்ஜ். 5000 எம்ஏஎச் என்றால் 5 ஆம்பியர் போதும், பேலன்ஸ் ஒயரையும் (செல்களைச் சமமாக ஏற்றும் ஒயர்) மறக்காமல் மாட்டி, ஆள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும். படுக்கையறையில் வேண்டவே வேண்டாம். உங்கள் 14,000-த்தில் முதல் செலவு புது பேட்டரி.

கனெக்டர் என்ன போட்டிருக்கிறீர்கள் என்று எழுதவில்லை. சால்டர் மங்கலாக, கட்டியாக உட்கார்ந்திருந்தால் அங்கேயே வோல்ட் தொலைந்துபோகும். ஒரு ஓட்டம் முடிந்த உடனே கனெக்டரைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாமல் சுட்டால் மறுபடி சால்டர் செய்யுங்கள். சின்ன 25 வாட் அயர்ன் அந்தத் தடி ஒயருக்குப் போதாது, எஸ்.பி. ரோட்டில் 60 வாட் அயர்ன் வாங்கிக்கொள்ளுங்கள்.

இனி திட்டு. லேஅவுட் ரோடு என்கிறீர்கள், செக்யூரிட்டி நின்று சிரிக்கிறார் என்கிறீர்கள். எங்கே நின்று? உங்கள் பல் கணக்குப்படி வண்டி மணிக்கு 69 கி.மீ. வரை போகக்கூடியது. 2.1 கிலோ அந்த வேகத்தில் வந்தால், 140 கி.மீ. வேகத்தில் வரும் கிரிக்கெட் பந்தைப்போல மூன்று மடங்கு ஆற்றல். பந்தாவது பேடில் படும், இது நேராகக் கணுக்காலில். எல்லோரும் புறப்படும் கோட்டுக்குப் பின்னால்தான் நிற்க வேண்டும். ஃபெயில்சேஃப், அதாவது சிக்னல் போனால் வண்டி தானே நிற்கும் ஏற்பாடு, வைத்திருக்கிறீர்களா? சக்கரத்தைத் தூக்கிப் பிடித்து, கொஞ்சம் த்ராட்டில் கொடுத்தபடியே ரிமோட்டை ஆஃப் செய்யுங்கள். சக்கரம் நிற்கவில்லை என்றால் வண்டியை வெளியே எடுக்காதீர்கள்.


கே.ஆர்.புரம்_கார்த்தி

லேத்து சார், மூக்கை இடப்பக்கம் திருப்பினேன், சக்கரமும் இடப்பக்கமே திரும்பியது. சமையலறையில் தனியாக நின்றுகொண்டு கத்திவிட்டேன். ரிமோட்டில் கைரோ ரிவர்ஸ். அவ்வளவுதான், இன்று காலை வண்டி முழு த்ராட்டிலில் கடைசி வரை போனது. ஒரு மாதம் வீண்.

தராசில் இடது 710 கிராம், வலது 630. சுதா மேடம், பழைய பேட்டரியைத் தனியாக எடுத்து வைத்துவிட்டேன், புதுசு சொல்லியிருக்கிறேன். இன்று அக்கா பையனின் பேட்டரி. கனெக்டர் சுட்டது. ஃபெயில்சேஃப் இல்லை, இப்போது வைத்துவிட்டேன். செக்யூரிட்டி அண்ணனைப் பின்னால் நிற்கச் சொன்னேன். "இவ்ளோ நாள் சொல்லவே இல்லையே சார்" என்றார்.

6 அடிக்கு 214 ஃப்ரேம். மூன்று தடவை எடுத்தேன், 212, 214, 217. ஆனால் நேராகப் போயும் அக்கா பையனிடம் தோற்றேன், நல்ல இடைவெளியில். இப்போதாவது மோட்டார் வாங்கலாமா?


பீன்யா_லேத்து

வேண்டாம். கணக்குப் போட்டே காட்டுகிறேன், காகிதம் எடுத்துக்கொள்ளுங்கள்.

214 ஃப்ரேமை 240-ஆல் வகுத்தால் 0.89 நொடி. 6 அடி என்பது 1.83 மீட்டர். அந்தத் தூரத்தை அந்த நேரத்தில் கடக்க வண்டியின் முடுக்கம் நொடிக்கு நொடி 4.6 மீட்டர். புவியீர்ப்பு 9.8. பாதிகூட இல்லை.

அடுத்தது உச்ச வேகம். 3500 கேவியை 8.4 வோல்ட்டால் பெருக்கினால் 29,400 ஆர்பிஎம். 86-ஐ 29-ஆல் வகுத்து, ஸ்லாஷ் கியர்பாக்ஸின் 2.72-ஆல் பெருக்கினால் 8.07. டயர் ஒரு சுற்றுக்கு 31 செ.மீ. சொச்சம். வருவது சுதா சொன்ன 69 கி.மீ., நொடிக்கு 19 மீட்டர்.

இப்போது இரண்டையும் சேருங்கள். 4.6 முடுக்கத்தில் 132 அடி, அதாவது 40 மீட்டர் போக 4.2 நொடி. கோட்டைத் தொடும்போது வேகம் என்ன? நொடிக்கு 19 மீட்டர்! உங்கள் மோட்டாரின் உச்ச வேகத்தை வண்டி எட்டும்போது ஓட்டமே முடிந்துவிடுகிறது. அதைவிட வேகமான மோட்டாரைப் போட்டால் அந்த வேகத்தைக் காட்ட இடம் எங்கே இருக்கிறது? அதே மோட்டாரை வைத்துக்கொண்டு டயர் பிடிப்பை மட்டும் 0.7 புவியீர்ப்புக்கு ஏற்றினால் 3.5 நொடி. காற்றையும், வேகம் ஏற ஏற மோட்டார் தளர்வதையும் விட்டுவிட்டுப் போட்ட கணக்கு இது, நிஜத்தில் கொஞ்சம் கூடும். ஆனால் முக்கால் நொடி எங்கே ஒளிந்திருக்கிறது என்று தெரிகிறதல்லவா? முதல் 20 மீட்டரில், ரப்பருக்கும் ரோட்டுக்கும் நடுவில்.

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். கியர்பாக்ஸைத் திறந்து டிஃப்பை எடுங்கள். உள்ளே வெறும் கிரீஸ் இருக்கும். துடைத்துவிட்டு 5 லட்சம் சிஎஸ்டி (கெட்டித்தன்மையின் அளவு) சிலிகான் நிரப்புங்கள். எண்ணெய் என்று பெயர், ஆனால் தேன் அதற்கு முன்னால் தண்ணீர். அப்போது இரண்டு சக்கரமும் கிட்டத்தட்டச் சேர்ந்தே சுற்றும். கனமான பக்கம் அதன் பங்கைத் தள்ளும், இடப்பக்க இழுப்பும் குறையும். முழுசாகப் பூட்டிய ஸ்பூல் வேண்டுமானால் நான் கடைந்து தருகிறேன், ஆனால் முதலில் இதைப் பாருங்கள்.

வீலி பார் (மூக்கு தூக்கிக் கவிழாமல் பின்னால் தாங்கும் குட்டிச் சக்கரப் பட்டை) வைத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன், எழுதவில்லை. அதன் சக்கரத்துக்கும் தரைக்கும் நடுவில் ஒரு பென்சில் படுக்கையாக நுழைய வேண்டும். தரையை ஒட்டி வைத்தால் புறப்படும்போது எடையெல்லாம் அந்தக் குட்டிச் சக்கரத்தில் உட்கார்ந்துகொள்ளும், டயர் சும்மா சுற்றும். பாதிப் பேர் இந்தத் தப்பைத்தான் செய்கிறார்கள். நான் 3 மி.மீ. அலுமினியப் பட்டையில், ஸ்லாஷ் வீலுக்கு வரும் 5×11×4 பேரிங்கையே சக்கரமாகப் போட்டுச் செய்துகொண்டேன்.

டயரை ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன்னால் ஈரத்துணியால் துடைத்துக் காயவிடுங்கள். புறப்படும் இடத்தில் முதல் மூன்று மீட்டரைத் தென்னந்துடைப்பத்தால் பெருக்குங்கள். நம் ஊர்த் தூசுக்கு எந்த மோட்டாரும் ஈடு கொடுக்காது. ஈஎஸ்சியில் பஞ்ச்சை (புறப்படும்போது மோட்டார் பாயும் வேகம்) பாதியாகக் குறையுங்கள். டிராக் பிரேக் (விரலை எடுத்ததும் தானாகப் பிடிக்கும் பிரேக்) பூஜ்யம், இல்லையென்றால் கோட்டைத் தாண்டி விரலை எடுத்ததும் பின்பக்கம் பிய்த்துக்கொண்டு போகும்.


ஈஜிபுரா_மணி

டார்க் விஷயத்தில் நான் சொன்னது தப்பு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கைரோ போட்டு ஓட்டுவது ஓட்டுவதா? கை பழக வேண்டாமா?


பீன்யா_லேத்து

மணி, நீங்கள் ஏபிஎஸ் இல்லாத பைக்கா ஓட்டுகிறீர்கள்?


கே.ஆர்.புரம்_கார்த்தி

புது பேட்டரி வந்துவிட்டது. கனெக்டரை 60 வாட் அயர்னில் மறுபடி சால்டர் செய்தேன், இப்போது வெதுவெதுப்புதான்.

டிஃப்பை நேற்று ராத்திரி பிரித்தேன். உள்ளே கருப்பு கிரீஸ், கூடவே முடி மாதிரி ஏதோ. பழைய ஓனர் வீட்டில் நாய் இருந்திருக்க வேண்டும். அந்தச் சிலிகானைப் பற்றி யாராவது முன்னாலேயே எச்சரித்திருக்கலாம். பாட்டிலைக் கவிழ்த்துப் பிடித்தால் வெளியே வர ஐந்து நிமிஷம், வந்த பிறகு விரலை விட மாட்டேன் என்கிறது. சோப்பு, டிஷ்யூ, மனைவியின் நெயில் பாலிஷ் ரிமூவர், எதற்கும் மசியவில்லை. இன்று ஆபீஸில் லேப்டாப்பில் எஃப் எழுத்து ஒட்டிக்கொண்டு நிற்கிறது.

வீலி பார் தரையைத் தொட்டுக்கொண்டுதான் இருந்தது. பென்சில் வைத்துத் தூக்கினேன். துடைப்பத்தைச் செக்யூரிட்டி அண்ணனே கொண்டுவந்து பெருக்கிக் கொடுத்தார்.

6 அடிக்கு 171 ஃப்ரேம்! நம்பாமல் இரண்டாம் தடவை எண்ணினேன், அதேதான். 132 அடிக்கு அக்கா பையன் கட்டிய டைமரில் 3.8 நொடி. அது ஆர்டுயினோ நானோ என்ற குட்டிக் கணினிப் பலகையில் இரண்டு ஐஆர் சென்சார் வைத்தது. வெயில் ஏறியதும் கண்டபடி காட்டுகிறது என்று சென்சாருக்கு ஒயரிங் பைப் துண்டைக் குல்லாவாக மாட்டியிருக்கிறான். அவனுடைய நேரம் 3.6. எங்கே ஜெயிக்கிறான் என்று ஃப்ரேமில் பார்த்தேன். விளக்கு பச்சையாகி நான் அழுத்துவதற்குள் அவன் வண்டி ஒரு முழம் போய்விட்டது. அது 3.6-ல் வராத கணக்கு, தனி அடி.

மீதி 9,000 ரூபாய் இருக்கிறது. பினியனில் ஒரு பல் கூட்டிப் பார்க்கலாமா?


பீன்யா_லேத்து

171 என்றால் முடுக்கம் 7.2. இப்போது உச்ச வேகம் கோட்டுக்கு முன்னாலேயே வந்துவிடுகிறது, அதனால் இனிமேல் பல்லுக்கு அர்த்தம் இருக்கிறது. 31 போடுங்கள், இரண்டு பல் கூடட்டும். வாங்கும்போது 48 பிட்ச்தானா என்று பாருங்கள் (பிட்ச், மாட்யூல் இரண்டும் பல்லின் அளவைச் சொல்லும் முறைகள்). கடைக்காரர் 0.6 மாட்யூலை எடுத்துக் கொடுத்து எல்லாம் ஒன்றுதான் என்பார். 48 பிட்ச் என்பது 0.53 மாட்யூல், 0.6-ஐ மாட்டினால் பத்து ஓட்டத்தில் ஸ்பரை மென்று தின்றுவிடும். 32 பிட்சும் 0.8-ம் என்றாலாவது ஓரளவு ஒத்துப்போகும், இது போகாது. மாட்டும்போது இரண்டு பல்லுக்கும் நடுவில் நோட்டுப் புத்தகக் காகிதத் துண்டு ஒன்றைக் கடிக்கவிட்டு மோட்டாரை இறுக்குங்கள். காகிதத்தைச் சுற்றி வெளியே எடுத்தால் அதுதான் சரியான இடைவெளி. பினியனின் குட்டி ஸ்க்ரூ ஷாஃப்ட்டின் தட்டைப் பக்கத்தில் உட்கார வேண்டும், நீல லாக்டைட் (ஸ்க்ரூ கழலாமல் பிடிக்கும் பசை) ஒரு சொட்டு. ஓட்டி முடித்ததும் மோட்டாரைத் தொட்டுப் பாருங்கள், மூன்று நொடி விரல் வைக்க முடியவில்லை என்றால் 30-க்கு இறங்கிவிடுங்கள்.

விரலுக்குத் தேங்காய் எண்ணெய் தடவித் துணியால் துடையுங்கள். லேப்டாப்புக்கு என்னிடம் வைத்தியம் இல்லை.

பையனை ஞாயிறு கூட்டி வாங்க தம்பி, அந்த டைமரைப் பார்க்க வேண்டும். காலை 6 மணி, எங்கள் ஒர்க்‌ஷாப் காம்பவுண்டுக்குள்ளேயே 60 மீட்டர் சிமெண்ட் தரை இருக்கிறது, கேட்டைப் பூட்டிக்கொள்ளலாம். துடைப்பம் மட்டும் நீங்கள் கொண்டு வாங்க, எங்களுடையது தேய்ந்துவிட்டது.